நாஹர் சிங்கின் தலையில் தங்காத சீப்பு

பஞ்சாபில், மோகா பைபாஸில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் நாஹர் சிங்குக்கு ஒரு காலத்தில் இடுப்புவரை முடி. கொண்டை போட்டுச் சீப்பைச் செருகினால், அவராக எடுக்கும்வரை அது அசையாது. ஐம்பது தாண்டியதும் டைபாய்டு வந்தது. போகும்போது முடியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது உச்சியில் இருப்பது எலுமிச்சம்பழம் அளவுக் கொண்டை. சீப்பு மட்டும் அதே பழைய மரச்சீப்பு, உள்ளங்கை அகலம்.

அமிர்தம் ஏற்று, தீட்சை பெற்ற சீக்கியர். காலையும் மாலையும் தலை வாரி, சீப்பைக் கொண்டையிலேயே வைத்திருக்க வேண்டும். அதுவோ தங்கமாட்டேன் என்கிறது. பெரிய தலைப்பாகை கட்டிய நாளில் பிழைத்தோம். வீட்டில் வெறும் துண்டைச் சுற்றிக்கொண்டு குனிந்தால் பருப்புச் சட்டியில் விழும். பட்டறையில் விழுந்ததை, அவர் தெருவிலேயே குடியிருந்து பக்கத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் நானே எத்தனையோ தடவை எடுத்து, மண்ணை ஊதிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் மனைவி நசீப் கௌருக்குப் பொறுமை போய்விட்டது.

"சின்னச் சீப்பா ஒண்ணை நூல்ல கோத்துக் கழுத்துல போட்டுக்குங்களேன். ஊர்ல எத்தனை பேர் போட்டுக்கறாங்க!"

"ஏன், எனக்குக் கழுத்துலயா முடி முளைச்சிருக்கு?"

"உச்சியிலயும்தான் முளைக்கல, சர்தார்ஜி."

அத்தோடு இரண்டு நாள் பேச்சில்லை.

கோதுமை அறுவடை உச்சத்தில் இருந்தபோது தர்பாரா சிங்கின் டிராக்டர் பட்டறைக்கு வந்தது. பின்னால் டிராலி நிறையக் கோதுமை. மண்டிக்குப் போகும் வழியில் கியர் மாட்டிக்கொண்டதாம். நாஹர் சிங் காலையிலேயே கியர் பாக்ஸைத் திறந்து, சரிசெய்து, மூடி, எண்ணெயும் ஊற்றிவிட்டார். வியர்வையைத் துடைக்கத் தலைத்துண்டை அவிழ்த்தவர் அப்படியே நின்றார்.

"சீப்பைக் காணோம்."

கீழே தேடினோம். டிராக்டருக்கு அடியில் படுத்துத் தேடினோம். இல்லை.

"உள்ளதான் விழுந்திருக்கு" என்று அவர் ஸ்பேனரை எடுத்தார்.

தர்பாரா சிங் பாய்ந்து வந்தார். "யோவ் மிஸ்திரி, மறுபடியும் பிரிக்கப் போறியா? வானம் மூடிக்கிட்டு வருதுய்யா! வேற சீப்பு வாங்கித் தரேன், என் வண்டியை விடு."

"உள்ள கிடக்கிற சீப்பு பல்லு பல்லா உடைஞ்சு உன் கியரை முழுங்கிடும். அப்ப யாரைத் திட்டுவ?"

நாஹர் சிங் எண்ணெயை வடித்து, பெட்டியைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். மத்தியானம் நசீப் கௌர் ரொட்டியும் மோரும் கொண்டுவந்தபோது, அவர் எண்ணெய்த் தட்டின் முன்னால் மண்டியிட்டிருந்தார்.

"சீப்பு கிடைக்காம எனக்குச் சாப்பாடு இறங்காது" என்றார், இடது கையால் முதுகைச் சொறிந்தபடி.

"முதுகுல என்ன?"

"வேர்க்குரு. காலையிலேருந்து அரிக்குது."

அந்த அம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவர் சட்டைக் காலருக்குள் கையை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். சீப்பு வந்தது. கழுத்து வழியாகச் சரிந்து, சட்டைக்குள் மாட்டியிருக்கும் கிர்பான் குறுவாளின் வாருக்கும் முதுகுக்கும் நடுவில் மாட்டிக் கிடந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. தர்பாரா சிங்குக்கு வரவில்லை.

"உன் சீப்பைக் கிர்பான் காப்பாத்திடுச்சு. என் கோதுமையை எவன் காப்பாத்துவான்?"

ஒருவனும் காப்பாற்றவில்லை. பெட்டியை மூடுவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டும் மேல்கோதுமை நனைந்தது. ஈரம் என்று மண்டியில் எடைபோட மறுத்துவிட்டார்கள். மறுநாள் நாஹர் சிங் பட்டறையைத் திறக்கவில்லை. வெயிலில் மண்டித் தரையில் நின்று, அந்தக் கோதுமையைக் காயும்வரை கிளறிக்கொண்டிருந்தார். தர்பாரா சிங் நிழலில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் இன்னும் ஈரமா இருக்கு" என்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நசீப் கௌர் அவரைக் குருத்வாராவுக்கு வெளியே உள்ள கடைக்கு இழுத்துப்போனாள். சிறுபிள்ளைகளுக்கான மரச்சீப்பு ஒன்றை எடுத்து அவர் கொண்டையில் செருகிப் பார்த்தாள்.

"இது பால்குடிப் பசங்க வைக்கிறது" என்றார் அவர், காது சிவக்க.

"தலையை ஆட்டுங்க."

ஆட்டினார். விழவில்லை. பலமாக ஆட்டினார். அப்போதும் விழவில்லை.

சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன். இப்போது வேறு தொல்லை. விரலளவுச் சீப்பால் வாரி முடிக்க அவருக்கு இருமடங்கு நேரம் ஆகிறதாம். காலையில் குருத்வாராவில் நடக்கும் கீர்த்தனைக்குக் கிளம்பிய நசீப் கௌர், எங்கள் தெருவே எழுந்துகொள்ளும்படி வாசலில் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"இருக்கறது நாலு முடி! அதை எண்ணி எண்ணியா வாருறீங்க?"