பிராவ் லெஹ்னரின் வியாழனும் மங்கையக்காவின் வெள்ளியும்

மங்கையற்கரசி அக்காவிடம் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று கையில் கட்டுவது. மற்றது குசினிச் சுவரில் தொங்கும் நாட்காட்டி. கைக்கடிகாரம் நின்றுபோனால் ஒரு கிழமை பொறுத்திருப்பார். நாட்காட்டி வரச் சுணங்கினால், பாரிசிலிருந்து அதை அனுப்புகிற தமையனைத் தொலைபேசியில் பிடித்து வாட்டி எடுத்துவிடுவார். ராகுகாலம் பார்க்காமல் பால் வாங்கக்கூடப் போகமாட்டார் என்று நான் சொன்னால் பொய் என்பீர்கள். நான் வேதக்காரி, கர்த்தரைக் கும்பிடுகிறவள். பொய் சொல்லமாட்டேன், சொன்னாலும் இப்படிச் சின்னப் பொய் சொல்லமாட்டேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம் அவருக்கு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நான்தான் சொன்னேன். நான் அங்கே குசினியில் சமையலுக்கு நின்றேன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். திங்கள் ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். அதனால் மனுசி ஏழு மணிக்கே வீட்டை விட்டு வெளிக்கிட்டு வந்து, இல்லத்துப் படலைக்கு வெளியே பனிக்குள் நின்றுகொண்டது. உள்ளே வாருங்கோ என்று நான் குசினி யன்னலால் கை காட்டுகிறேன், அவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். கடைசியில் மேலாளரே வெளியே ஓடி வந்து, "ஐயோ பிள்ளை, விறைச்சுப் போனாய்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். வேலையும் அன்றே கிடைத்தது.

"ராகுகாலத்திலைதானே அக்கா உள்ளுக்குப் போனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் எங்கை போனனான்? அந்த மனிசன் எல்லோ இழுத்துக்கொண்டு போனது. அது கணக்கிலை வராது" என்றார்.

இவருடைய வீட்டுக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் இருக்கும் மாவட்டம் மியூனிக் நகரத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையில் இருக்கிறது. பணக்கார இடம். காலையில் கோட்டும் தோல்பையுமாக நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு மேடையில் நிற்பார்கள். அவர்களுடைய வீடுகளைக் கூட்டவும் அவர்களுடைய தாய்தகப்பனைக் குளிப்பாட்டவும் நகரத்திலிருந்து வருகிறவர்கள் எதிர் மேடையில் இறங்குவார்கள். என்னைவிட்டால் மங்கையக்கா குடும்பம்தான் எங்கள் தமிழ் ஆட்களில் இந்த ஊரிலேயே குடியிருந்தது. இறைச்சிக்கடைக்கு மேலே இரண்டு அறை. கணவர் உருத்திரமூர்த்தி அண்ணை ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவர், இங்கே தச்சுப்பட்டறையில் பலகை அறுக்கிறார். மகள் சாந்தாவுக்கு ஒன்பது வயது.

எண்பத்தெட்டு மாசியில் வீட்டுக்காரர் கடிதம் கொடுத்தார். தன் மகனுக்கு அந்த வீடு வேண்டுமாம், புரட்டாதிக்குள் எழும்ப வேண்டுமாம். வாடகைக்கு வேறு வீடு தேடி நான்தான் தொலைபேசி எடுத்தேன். என் ஜெர்மன் மொழியைக் கேட்கும்போது வீடு இருக்கும், பெயரைச் சொன்னதும் வீடு போய்விடும். பதினொரு வீடுகள் அப்படிப் போயின. தூரத்தில் எசன் நகரத்தில் இருக்கும் மைத்துனர் அங்கே வந்துவிடச் சொன்னார். போனால் இரண்டு பேருடைய வேலையும் போகும், சாந்தா மூன்றாவது தடவையாகப் பள்ளிக்கூடம் மாறவேண்டும். எனக்கும் இந்த ஊரில் சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் போய்விடும். அதை நான் அப்போது வெளியே சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்த நேரத்தில்தான் பிராவ் லெஹ்னர் வந்தார், பிராவ் என்றால் திருமதி. அவருடைய தமக்கை எங்கள் இல்லத்தில் இருந்தவர். தமக்கையின் சட்டைகளை மங்கையக்கா மினுக்கிக் கொடுக்கும் வடிவைப் பார்த்துப் பார்த்து, "இந்தப் பிள்ளை ஆர்?" என்று விசாரித்து வைத்திருக்கிறார். தானும் தமக்கைக்குப் பக்கத்து அறைக்கு வரப்போவதாகவும், தன் வீட்டை விற்கப்போவதாகவும், முதலில் மங்கையக்கா வந்து பார்க்கட்டும் என்றும் சொன்னார்.

ஏரிக்கரை வீடு என்றதும் மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். பிராவ் லெஹ்னரின் கணவர் ரயில்வேயில் வேலை செய்தவர். தண்டவாளத்துக்குப் பத்து அடி தள்ளி ஒரு குட்டி வீடு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ரயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் கதைக்கும். ஏரி தெரியுமா என்று கேட்டால், தெரியும். குளியலறைத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று எட்டிப் பார்த்தால் ஒரு கைக்குட்டை அளவு நீலம் தெரியும். அதனால்தான் விலை எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கூரையையும் நிலவறையையும் நான் சுற்றிப் பார்க்கிறேன். மங்கையக்கா நேரே பின்பக்கம் போய், அங்கே நின்ற கைப்பம்பை அடித்து, கையில் ஏந்தித் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். எங்கள் ஆட்கள் காணி வாங்கும்போது செய்கிற வேலை. வாயில் வைத்து, கண்ணை மூடி, "நல்ல தண்ணி, மலர். கொஞ்சமும் உவரில்லை" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று பிராவ் லெஹ்னர் என்னிடம் கேட்டார். சொன்னேன். "நாப்பது வருசமாய் இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுறன், ஒருத்தரும் குடிச்சுப் பாக்கேல்லை" என்று கிழவி பூரித்துப்போனார். வீடு உனக்குத்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். நகரத்துப் பல் வைத்தியர் ஒருவர் அந்த நிலத்துக்காகக் கடிதம் எழுதியிருந்தாராம், வீட்டை இடித்துவிட்டுப் படகுக் கொட்டகை போட.

வங்கியும் தலையாட்டியது. இனி உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், எழுதவேண்டியதுதான். அதை எழுதுகிற வழக்கறிஞர்தான் நொத்தாரிசு. அவருடைய கந்தோரில் ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய், பிற்பகல் மூன்று மணிக்கு நேரம் தந்தார்கள்.

"செவ்வாய் மூண்டு மணியோ! மூண்டிலையிருந்து நாலரை ராகுகாலம். ஏலாது" என்றார் மங்கையக்கா.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "நொத்தாரிசு உங்கடை மச்சானோ, நேரம் மாத்த?" என்று ஏசினேன். ஏசிவிட்டு நான்தான் கந்தோருக்கு எடுத்து, குசினியில் எனக்கு விடுப்பு இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி, அதே நாள் காலை பத்து மணிக்கு மாற்றினேன். சின்னப் பொய்தான்.

செவ்வாய் காலை நாங்கள் மூன்று பேரும் கந்தோரில் பிராவ் லெஹ்னருக்கு முன்னால் இருந்தோம். நான் மொழிபெயர்க்க. ஜெர்மனியில் நொத்தாரிசு உறுதியை ஒரு சொல் விடாமல் உரத்து வாசிக்கவேண்டும், சட்டம் அப்படி. இருபத்திரண்டு பக்கம். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கப் போகிறார், அந்த நேரம் மங்கையக்கா பையிலிருந்து ஒரு தகரப்பெட்டியை எடுத்தார். ரவை லட்டு. நல்ல காரியத்துக்கு முன் வாய் இனிக்க வேண்டுமாம். அதோடு விட்டாரா? உறுதியின் நகலை முதலே எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள், அதில் பிராவ் லெஹ்னரின் பிறந்த தேதி இருந்தது. வருகிற வியாழக்கிழமை எழுபது. அதைப் பார்த்துவைத்துக்கொண்டு, எனக்கும் சொல்லாமல், ஜெர்மன் மொழியில் ஒரு வசனம் பாடமாக்கி வந்திருக்கிறார். எழும்பிப் போய்க் கிழவியின் இரண்டு கையையும் பிடித்து, உங்களுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்து என்று ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார்.

பிராவ் லெஹ்னரின் முகத்தில் இரத்தம் இல்லை. நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

கர்த்தரே! இந்த நாட்டில் பிறந்தநாள் வருமுன் வாழ்த்துச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த ஆள் பிறந்தநாளைக் காணமாட்டார் என்று ஒரு பயம். ஐந்து வருசம் இருந்த எனக்கு அது தெரியும். என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே!

"என்ரை மனிசனுக்கு அறுபதுக்கு முதல் நாள் ஒருத்தன் வாழ்த்துச் சொன்னவன்," என்றார் பிராவ் லெஹ்னர். "அவர் அறுபதைக் காணேல்லை." கைப்பையை டப்பென்று மூடினார். "நான் வியாழனைக் காணுமட்டும் ஒண்டிலையும் கையெழுத்து வைக்கமாட்டன்." எழும்பிப் போய்விட்டார். லட்டுப் பெட்டி மேசையில் திறந்தபடி கிடந்தது.

படியில் இறங்கும்போது என் வாய் நிற்கவில்லை. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! பல் வைத்தியன் இண்டைக்கே வந்து நிப்பான், பாருங்கோ. வீடு போச்சு, எசனுக்கு மூட்டையைக் கட்டுங்கோ!"

மங்கையக்கா அழுதுகொண்டு நின்றார். "வீடு கிடக்கட்டும் மலர். அந்த மனிசிக்கு ஏதும் நடந்தால்?" என்றார்.

மூர்த்தியண்ணை மனைவியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

போய்க் காலில் விழுந்து கேட்போம் என்று நான் அன்று பின்னேரமே வெளிக்கிட்டேன். மங்கையக்கா விடவில்லை. "அவவுக்கு இது கூடாத நேரம். கூடாத நேரத்திலை போய்க் கரைச்சல் குடுக்கக்கூடாது. எனக்கு அது விளங்கும்," என்றார். செவ்வாய் இரவு தொடங்கிய விரதம், வெறும் பாலும் பழமும். ஊரில் போர் நடக்கையில் தம்பிமாருக்காகப் பிடித்த விரதத்தை ஒரு ஜெர்மன்காரிக்காகப் பிடித்தார். சலவைப் பகுதியில் இரண்டு நாளும் மினுக்குப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, மனுசியின் கண் மட்டும் தொலைபேசியில்.

வியாழன் காலை பத்து மணிக்கு நாங்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், அந்தப் படலையில் நின்றோம். மங்கையக்கா மணியைத் தொடாமல் என்னைப் பார்த்தார். நான் அழுத்தினேன். சத்தமில்லை. இன்னொருமுறை அழுத்தினேன். ஒரு ரயில் வேறு அந்த நேரம் பார்த்துப் போனது. பிறகு கதவு திறந்து, பூப்போட்ட சட்டையும் தலையில் சுருட்டுக்கம்பிகளுமாகப் பிராவ் லெஹ்னர் நின்றார்.

"இண்டைக்குச் சொல்லலாம்," என்றார்.

மங்கையக்கா அந்த வசனத்தைச் சொல்லவில்லை. கிழவியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை என்று நான் சொன்னேன். பிராவ் லெஹ்னர் உடனே மேசையில் இருந்த கேக்கில் பாதியை வெட்டி அவர் முன்னால் வைத்து, முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு சொன்னார், நொத்தாரிசுவோடு கதைத்துவிட்டேன், நாளைக்குப் பதினொரு மணிக்கு நேரம் இருக்கிறது, அதைவிட்டால் அவர் நாலு கிழமை விடுமுறையில் போகிறார் என்று.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். மங்கையக்கா வாயில் கேக்கோடு என்னைப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். நாலு கிழமைக்குள் பல் வைத்தியர் என்னவும் செய்யலாம். "ஓம், நல்லது" என்று ஜெர்மன் மொழியில் சொன்னார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மறுநாள் கந்தோர் முன்னறையில் அவர் இருந்த இருப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை. ராகுகாலம் பேய்க்கதை என்று ஊர் முழுக்கச் சொல்கிறவள் நான். ஆனாலும் பிராவ் லெஹ்னரை ஒரு பக்கம் கூப்பிட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "எத்தினை மணி மட்டும்?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு."

"வாசிக்கிறதைக் கேட்டால் குற்றமோ, கையெழுத்து வைச்சால் குற்றமோ?"

மங்கையக்காவிடம் கேட்டேன். கேட்கிறதில் குற்றமில்லை, கையெழுத்துத்தான் என்றார்.

"அப்ப பிரச்சினை இல்லை. என்ரை வியாழனுக்கு அவ காத்திருந்தவ," என்றார் பிராவ் லெஹ்னர்.

உள்ளே போனோம். நொத்தாரிசு வேகமாக வாசித்தார். வெள்ளிக்கிழமை, அவருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். ஐந்தாம் பக்கத்தில் பிராவ் லெஹ்னர் கையைத் தூக்கினார், காது சரியாகக் கேட்கவில்லை, திரும்ப வாசியுங்கள் என்று. ஒன்பதாம் பக்கத்தில் கழிவறைக்குப் போனார். பன்னிரண்டாம் பக்கத்தில் தண்ணீர் கேட்டு, குடித்து, பம்புத் தண்ணீர் போல இல்லை என்று ஒரு விளக்கம் சொன்னார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? கழிவுநீர்க் குழாய் பற்றிய பந்தியை ஒழுங்காக மொழிபெயர்த்து முடித்தபிறகு, "அக்கா, ரவை லட்டுக்குச் சீனி எவ்வளவு போடுறனீங்கள்?" என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டேன். அவரும் அதே முகத்தோடு, ரவை வறுப்பதிலிருந்து முந்திரிகை வத்தல்வரை விளக்கமாகச் சொன்னார். குழாயைப் பற்றி இந்த அம்மாவுக்கு இவ்வளவு கவலையா என்று நொத்தாரிசு மரியாதையாகக் காத்திருந்தார். மூர்த்தியண்ணை சிரிப்பை அடக்கமுடியாமல் கைலேஞ்சிக்குள் இருமினார்.

கடைசிப் பக்கம் முடிந்தபோது பன்னிரண்டுக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது. நொத்தாரிசு பேனாவை நீட்டினார். பிராவ் லெஹ்னர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, தன் கணவர் அந்த வீட்டின் கூரையை வேய்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். வேதக்கோவில் மணி பன்னிரண்டு அடித்து ஓயும்வரை சொன்னார். பிறகு முதலில் தன் கையெழுத்தை வைத்துவிட்டு, பேனாவை மங்கையக்காவின் கையில் வைத்து, "இப்ப வை, பிள்ளை," என்றார். வைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, வேறு என்ன செய்வது?

ஆவணியில் அந்த வீட்டில் பால் காய்ச்சினோம். பிராவ் லெஹ்னர் புதுவீட்டுக்குத் தங்கள் முறைப்படி பேக்கரிப் பாணும் உப்பும் கொண்டுவந்தார். பானையைச் சுற்றி எல்லோரும் நிற்கும்போது மூர்த்தியண்ணை என் கையில் ஒரு கடுதாசியை மெல்லத் திணித்தார். நில அளவைக்காரரின் கையெழுத்து, கோடும் எண்ணும். ராகுகாலம் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுவதாம். ஊரில் ஆறுக்கு ஆறு. இங்கே ஆனி மாதத்தில் சூரியன் ஐந்தேகாலுக்கு உதித்து இரவு ஒன்பதேகாலுக்குப் படுகிறது. அந்தப் பகலை எட்டாகப் பிரித்தால், நாலாம் பங்கான வெள்ளிக்கிழமை ராகுகாலம் பதினொன்றேகாலிலிருந்து ஒன்றேகால் வரை. நாங்கள் கையெழுத்து வைத்தது அதன் நட்டநடுவில். முதலில் தந்த செவ்வாய் மூன்று மணியோ, ஒரு குற்றமும் இல்லாத நேரம்.

"இவவுக்குச் சொல்லட்டோ?" என்றார் காதுக்குள்.

"வாயைத் திறந்தீங்களோ, நொத்தாரிசுவின்ரை படியிலை வைச்சு உங்கடை மனிசிக்கு நான் ஏசினதெல்லாம் உங்களுக்கும் கிடைக்கும்," என்றேன். கடுதாசியை நாலாகக் கிழித்து என் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"என்ன மலர் அது?" என்று மங்கையக்கா அடுப்பிலிருந்து கண் எடுக்காமல் கேட்டார்.

"கடையிலை தந்த துண்டு, அக்கா," என்றேன். அந்த நேரம் ரயில் போனது, கோப்பைகள் கதைத்தன, பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. பிராவ் லெஹ்னர்தான் எல்லோருக்கும் முன்னால் முதலில் கை தட்டினார்.