தோலைத் துப்புகிற ஊர்

நான் பயந்த சுபாவக்காரி. காஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவள் எதைச் சோதிக்க வேண்டுமோ அதை மட்டும் சோதிக்காமல் விட்டேன் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன ஜூஸ் கம்பெனி இருக்கிறது. பன்னீர் திராட்சையைப் பிழிந்து, காய்ச்சி, பாட்டிலில் அடைத்து அனுப்புவோம். பிழிந்தபின் மிஞ்சுகிற சக்கைதான் தலைவலி. கொட்டிய இடத்தில் மறுநாளே புளித்த வாடை கிளம்பும், ஈ மொய்க்கும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சண்டைக்கு வருவார். ஒரு பயிற்சி வகுப்பில், திராட்சைத் தோலைப் பொடியாக்கிப் பலகாரத்தில் சேர்க்கலாம் என்று சொன்னார்கள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பாலித்தீன் கூடாரத்தில் சக்கையைக் காயவைத்து, சுளகில் புடைத்து விதையைப் பிரித்து, தோலை மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். எனக்கு அடுத்து அரிசி அரைக்க வந்த அம்மாவின் மாவு ஊதாவாக இறங்கியது. மில்காரர் வைததை இங்கே எழுத முடியாது. ஆனால் பொடி என்னவோ அருமையாக வந்தது. கேழ்வரகு மாவும் கருப்பட்டியும் சேர்த்து உருண்டை பிடித்தேன்.

முதல் டப்பாவை அல்லிநகரத்தில் இருக்கும் அக்கா மகளுக்குக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாசம். ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "தினம் ரெண்டு தின்னு, ரத்தம் ஊறும்" என்று பெரிய வைத்தியச்சி மாதிரி சொன்னேன். உருண்டையின் கலரைப் பார்த்து எனக்கே அதில் நம்பிக்கை வந்திருந்தது.

பத்து நாள் கழித்து, எங்களுக்குப் பழம் போடுகிற விவசாயி ஒருவர் கூடாரத்தில் காய்ந்துகொண்டிருந்த தோலைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இதை என்ன செய்யப் போறீக?"

"அரைச்சு உருண்டை பிடிக்கிறோம்ண்ணே. திங்கிறதுக்கு."

அவர் முகம் மாறியது. "தோலையுமா? போன தடவை மழை பிடிச்சு நோய் வந்திருச்சு. பறிக்கிறதுக்கு நாலு நாள் முன்னாடி மருந்து அடிச்சேன்த்தா. தோலை யாரு திங்கப் போறா, துப்பத்தானே போறாகன்னு நெனச்சேன்."

முதல் டப்பாவுக்குப் போனது அந்தப் பழத்தின் தோல்தான். ஆனாலும் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கம் பன்னீர் திராட்சையை அப்படித்தான் தின்போம். பழத்தை வாயில் வைத்துப் பிதுக்கி, சதையை உறிஞ்சிவிட்டு, தோலையும் விதையையும் துப்புவோம். நானும் பிறந்ததிலிருந்து துப்பித்தான் வந்திருக்கிறேன். பழத்தைக் கழுவித்தான் பிழிந்தோம், ஜூஸைப் பரிசோதனைக்கும் அனுப்பினோம். தோலை அனுப்பத் தோன்றவில்லை. அது என் மனசில் இன்னும் தின்கிற பொருளாகவே ஆகியிருக்கவில்லை.

அன்றைக்கே பொடியை மதுரையில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அக்கா மகளுக்கு உடனே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியை எதற்குப் பயமுறுத்துவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது நான்தான். இரண்டு நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அந்த இரண்டு நாளும் அவள் தின்றுகொண்டிருப்பாளே என்ற நினைப்பு மட்டும் விடவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் அவள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்தாள். "நேத்துத்தான் சித்தி தீந்துச்சு. இன்னும் கொஞ்சம் செஞ்சு தாங்க."

சொல்லிவிட்டேன். அவள் கை வயிற்றுக்குப் போனது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணு நாளாச்சு."

அவள் எழுந்துபோய் டாக்டர் சீட்டைத் தேடி எடுத்தாள். அக்காதான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். நான் காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

லேப் முடிவு வந்தது. மருந்து இருந்தது, ஆனால் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. ஒவ்வொரு வரியாகத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு அழுதேன். அவளுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது மருந்து அடித்த தேதியைச் சொல்லாத பழத்தை நாங்கள் இறக்குவதில்லை. தோலைத் தனியாகச் சோதித்த பிறகுதான் மில்லுக்கு அனுப்புகிறேன். தேனிக் கடைகளில் உருண்டை நன்றாகப் போகிறது.

போன மாசம் அவள் குழந்தையோடு கம்பெனிக்கு வந்தாள். கழுவிய கொத்து ஒன்றைக் கொடுத்தேன். ஒரு பழத்தை எடுத்து, தோலை உரித்து, விதையை நீக்கி, சதையை நசுக்கிக் குழந்தைக்கு ஊட்டினாள். தோலை எங்கே போடுவது என்று பார்த்தாள். நான் கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுக்கு ரிசல்ட் வந்திருச்சா சித்தி?"

"வந்திருச்சுத்தா. ஒண்ணுமில்ல."

"சரி" என்றாள். அடுத்த பழத்தையும் உரித்தாள்.