சவுக்குக் கட்டோடு வந்த பச்சோந்தி

எனக்கு ஊர்வன என்றாலே ஆகாது. மேலே பல்லி விழுந்தால் வீடு அதிரக் கத்துவேன். அப்படிப்பட்டவள் ஒரு கார்த்திகை மாதம் முழுக்க ஒரு பச்சோந்திக்கு நர்ஸ் வேலை பார்த்தேன் என்றால் அது என் அண்ணனுக்காக. வேறு எவனுக்காகவும் செய்திருக்க மாட்டேன், கட்டின புருஷனுக்காகக்கூட.

அண்ணன் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆனதும் அண்ணியையும் கப்பலேற்றிக் கூட்டிக்கொண்டு போனான். ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும், கப்பலில் இடம் கிடைக்காத ஜனங்களெல்லாம் மலை வழியாக நடந்தே வந்தார்கள் இல்லையா, அந்தக் கூட்டத்தில் இவர்கள் இரண்டு பேரும் நடந்தார்கள். ராயபுரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றது அண்ணன் மட்டும்தான். தாடியும் எலும்புமாக நின்றவனைப் பிச்சைக்காரன் என்று நினைத்து, "கை வேலையா கீறேன், அப்பால வா" என்று விரட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளத் தோன்றும். அவன் போகவில்லை. "நான்தாம்மே" என்றான்.

அண்ணி வழியில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள், அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன் என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. நாங்களும் நோண்டவில்லை.

கால்வாய் ஓரத்தில் ஒரு விறகுத்தொட்டியில் அவனுக்கு வேலை கிடைத்தது. எண்ணூர்ப் பக்கமிருந்து படகில் வருகிற சவுக்குக் கட்டைகளை இறக்கி, அடுக்கி, எடை போடுகிற வேலை. பேனா பிடித்தவன் தோளில் விறகு தூக்கினான். காலையில் போவான், பொழுது சாய வருவான், தட்டில் போட்டதில் பாதியைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவான். சொந்த அண்ணன்தான், இருந்தாலும் எனக்குப் பயமாக இருந்தது. அடுப்படியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோலத் தோன்றும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். அவன் கூடவே அண்ணியும் உள்ளே நுழைந்துவிட்டாளோ என்று பட்டப்பகலிலேயே விளக்கேற்றி வைத்திருக்கிறேன். இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

இப்படி ஒரு வருஷம் ஓடியபிறகு, ஒருநாள் சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தான். எடுத்து வெளியே விட்டான், பச்சோந்தி! நான் போட்ட கூச்சலில் எதிர்க் குடித்தனத்துக்காரி கரண்டியோடு ஓடி வந்தாள். படகிலிருந்து இறக்கின சவுக்குக் கட்டுக்குள் இருந்ததாம். பின்னங்கால் ஒன்று கட்டைக்கு நடுவில் சிக்கி நசுங்கியிருந்தது. பார்த்த ஆட்கள் கல்லெடுத்திருக்கிறார்கள். இவன் குறுக்கே நின்று தடுத்து அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"இந்த கலீஜ் புடிச்சதெல்லாம் வூட்டுக்குள்ள இட்டாந்தா வூடு வெளங்குமாக்கா?" என்றாள் எதிர்க் குடித்தனத்துக்காரி.

நானும் அதையே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அண்ணன் அதன் காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "அய்யே, அடங்குடா, ஒண்ணும் பண்ணமாட்டேன்" என்று அதனோடு பேசிக்கொண்டிருந்தான். வந்த நாளாக அவன் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சை நான் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

சன்னல் ஓரத்தில் ஒரு காய்ந்த முருங்கைக் கிளையைக் கட்டி அதில் விட்டான். தீனிக்குப் பஞ்சமில்லை. காசிமேட்டுக் கருவாட்டு ஈ எல்லாம் எங்கள் தெருவில்தான் குடியிருந்தது. நாக்கை நீட்டி அது ஓர் ஈயைப் பிடித்தால் இவன் ஒரு வாய் சோறு தின்பான். அதைப் பார்த்துக்கொண்டே தட்டைக் காலி பண்ணுவான். இலையில் தண்ணீர் தெளித்து, சொட்டுச் சொட்டாக அது நக்குவதைப் பார்த்துச் சிரிப்பான். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், சும்மா இருக்க மாட்டார். "மச்சானுக்கு ஜோடி கெடச்சிடுச்சு போல" என்று ஒருநாள் வாயை விட்டார். நான் பார்த்த பார்வையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

எனக்கு அதன் கண்தான் பிடிக்காது. உடம்பு கிளையோடு கிளையாகக் கிடக்கும், கண் மட்டும் நான் போகிற பக்கமெல்லாம் கூடவே வரும். ஒரு கண் என்னைப் பார்க்கும், இன்னொன்று அண்ணனைப் பார்க்கும். ஐயோ, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. யுத்த காலம், வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று சன்னல் கண்ணாடியெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி வைத்திருந்தோம். வீடு எப்போதும் இருட்டும் ஈரமுமாகக் கிடக்கும். அந்த மழையில்தான் அது நோயில் விழுந்தது. பச்சை போய்ப் பழுப்பாகி, பழுப்பு போய்க் கரி மாதிரி கறுத்துவிட்டது. கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. ஈ மூக்கின்மேல் உட்கார்ந்தாலும் நாக்கு வெளியே வரவில்லை.

அதோடு அண்ணனும் சோற்றை நிறுத்தினான். முதல் நாள் பசியில்லை என்றான். இரண்டாம் நாள் தட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் விறகுத்தொட்டியில் மயங்கி விழுந்து, இரண்டு ஆள் தாங்கிக் கொண்டுவந்து விட்டார்கள். இந்தச் சனியன் செத்தால் இவனும் போய்விடுவான், அது எனக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. எனக்கென்று பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான்.

"நீ போய் வேலையப் பாரு. இத்த நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"தனியா வுட்டுட்டு எங்கியும் பூடாதே."

"பூட மாட்டேன். இன்னா, எழுதிக் குடுக்கணுமா?"

நாலு பேரைக் கேட்டேன். எல்லோரும் ஒரே பேச்சு: உடம்பு கறுத்திருக்கிறது, வாய் காய்ந்திருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, சூடு, சந்தேகமே வேண்டாம். எனக்கும் அப்படித்தான் பட்டது. குழந்தைக்கு உடம்பு கொதித்தால் என்ன செய்வோமோ அத்தனையும் செய்தேன். உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தேன். நீர்மோரைத் துணியில் தொட்டு வாயில் பிழிந்தேன். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் கூடையில் போட்டு, மேலே இன்னொரு ஈரத்துணி மூடினேன். தொட்டுத் தூக்கக் கை கூசியது, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். குளிரக் குளிர அது இன்னும் கறுத்தது. நான் இன்னும் தண்ணீர் தெளித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் பானை ஓரத்தில் கூடைக்கு முன்னால் குந்தியிருந்தான். திடீரென்று, "அவளும் இப்டித்தாம்மே கறுத்துப்போனா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியைத்தான் சொல்கிறான்.

"மலையில மூணு நாளா மழ. வாந்தியும் பேதியுமா ஒரு மரத்தடியில வுழுந்துட்டா. கையி காலு சில்லுனு ஆயிடுச்சு, மூஞ்சி கறுத்துப்போச்சு, கண்ணு ரெண்டும் உள்ள பூடுச்சு. கூட வந்தவங்க, அவ்ளோதான் முடிஞ்சிடுச்சு, நீயாவது வா, நின்னா நீயும் பூடுவேன்னாங்க. எழுந்து நடந்தேன்."

"பொதச்சேன்னியே அண்ணே?"

"பொதைக்கல. அவ சாவல. ஒடம்பு அசையல, பேச்சு இல்ல. கண்ணு மட்டும் என் பின்னாலயே வந்துச்சு. வளைவு திரும்பற வரிக்கும் வந்துச்சு."

கூடைக்குள் அதன் கண் மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. போன வருஷ வைகாசியில் மரத்தடியில் விட்டவளுக்கு இந்த வைகாசியில் திவசம் கொடுத்தோமே, அய்யரை வைத்து, வாழைக்காயும் பச்சரிசியும் வைத்து! அதெல்லாம் மனதுக்குள் ஓடியது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் எப்படியாவது தேற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் தோன்றியது.

"நீ வளைவு திரும்பறதுக்குள்ள செத்திருப்பாண்ணே. அவ்ளோ கறுத்த ஒடம்பு பொழைக்குமா? நீ இருந்தாலும் இன்னா பண்ணியிருப்பே?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதில்ல?" என்று கேட்டான். ஒரு பிள்ளை கேட்பதுபோலக் கேட்டான்.

"முடியாது. சத்தியமா முடியாது" என்றேன்.

அன்றைக்கு ஒரு கை சோறு தின்றான்.

மறுநாள் மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்தது. சாக்கு நாற்றம் தாங்கவில்லை, அலசிப் போடலாம் என்று கூடையோடு மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். அந்த நேரம் பார்த்து எதிர்க் குடித்தனத்துக்காரி, "அக்கா, மண்ணெண்ணெ ஊத்தறான், க்யூ நிக்குது!" என்று கத்தினாள். கூடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். க்யூவில் பாதி நேரம் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. சூட்டு நோயாளியை உச்சி வெயிலில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்! இந்நேரம் வறண்டு செத்திருக்கும், அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன், மண்ணெண்ணெய் வாங்கவில்லை.

அது சாகவில்லை. கூடையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு உடம்பைத் தட்டையாக வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. வெயில் பட்ட பக்கம் முழுக்கப் பச்சை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் மிச்சமிருந்த கறுப்பும் வடிந்துகொண்டு போனது. நாக்கு சட்டென்று பாய்ந்து ஓர் ஈயைப் பிடித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குளிர்! அடப்பாவி, குளிருக்குத்தான் கறுத்துக்கொண்டு கிடந்தாயா? நான்தான் உன்னை ஈரச் சாக்கில் போட்டுக் கொன்றுகொண்டிருந்தேனா?

சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்கு நடந்தேன். அண்ணன் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், "அண்ணே, பொழச்சிடுச்சு!" என்று கத்தினேன்.

ஓடி வந்தான். பச்சையைப் பார்த்தான். பல் தெரியச் சிரித்தான், ரங்கூன் போவதற்கு முன்னால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. நான் வாயை அங்கேயே மூடியிருக்கலாம்.

"சூடே இல்லண்ணே, எல்லாம் பொய்யி. குளிரு! குளிருக்குத்தான் கறுத்துச்சு. செத்த நேரம் வெயில்ல போட்டேன், பச்சுனு ஆயிடுச்சு. நாமதான் சாவப்போவுதுன்னு பேஜாராயிட்டோம்."

"குளிருக்கா?"

"ஆமா."

"கண்ணு உள்ள போனதுகூட?"

"எல்லாம் குளிருதான். ஒடம்புல சூடு ஏறினா சரியாப்போச்சு."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "என் மடியில நெருப்புப்பெட்டி இருந்துச்சும்மே. பீடிக்கோசரம், மழையில நனையாம மெழுகு துணியில சுத்தி வெச்சிருந்தேன்."

நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஐயோ அண்ணே, அது வேற, இது வேற. அவங்களுக்கு வாந்திபேதி, அது மருந்துக்கே நிக்காது" என்று என்னென்னவோ உளறினேன். அவன் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு சவுக்குக் கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். சரியாகிவிட்டான் என்று நினைத்து நான் அப்பளம் வேறு சுட்டுப் போட்டேன். விடிந்து பார்த்தால் பாய் சுருட்டி வைத்திருந்தது, ஆள் இல்லை. கல்கத்தா ரயில் நிற்கிற பக்கம் அவனைப் பார்த்ததாக விறகுத்தொட்டி ஆள் ஒருத்தன் சொன்னான். அவளை விட்டுவிட்டு வந்த மலைக்குத் திரும்பிப் போக அதுதான் வழி. என் வீட்டுக்காரர் சென்ட்ரல் முழுக்கத் தேடிவிட்டு வந்தார். மலைப்பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம், எவனும் உள்ளே போகவும் முடியாது என்றார்கள். ஒரு கடுதாசி வரவில்லை.

பச்சோந்தி சித்திரை வரைக்கும் என்னிடம் இருந்தது. தினமும் மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் வைத்தேன். ஒருநாள் கூடையில் இல்லை, மரமேறிப் போயிருக்கும். முதுகுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் மட்டும் போகவில்லை. முன்பு ஒருத்தி நின்றாள், இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

யுத்தம் முடிந்து, சுதந்திரம் வந்து, என் மூத்த மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது, சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து பேசினார்கள். இனிமேல் வரமாட்டான், காணாமல் போன நாளையே நாளாக வைத்து ஒரு காரியத்தைப் பண்ணிவிடலாம், அவன் ஆத்துமாவாவது சாந்தி அடையட்டும் என்றார்கள். என் வீட்டுக்காரரும் தயங்கித் தயங்கி, "இத்தினி வருஷம் ஆச்சு, செத்துத்தாம்மே இருப்பாரு" என்றார்.

அவர்களை எல்லாம் வெளியே போகச் சொன்னேன். ஒருத்தியை மரத்தடியில் உயிரோடு போட்டுவிட்டு வந்தவனிடம் "செத்திருப்பாள்" என்று சத்தியம் பண்ணின வாய் இது. அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லி என் அண்ணனையும் அங்கேயே விட்டுவிட்டு வர என்னால் முடியாது என்றேன்.