துடைத்த பாதி

தாவரவியல் துறையில் அவரை எல்லோரும் 'பாலிஷ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நகத்தில் ஒரு பொட்டுச் சாயம் கிடையாது. மேசையில் மட்டும் எப்போதும் ஆறு நெயில் பாலிஷ் புட்டிகள்.

இலையின் அடிப்புறத்தில் நிறமில்லாத பாலிஷைத் தடவி, காய்ந்ததும் டேப்பால் உரித்து ஸ்லைடில் ஒட்டுவார். நுண்ணோக்கியில் இலைத்தோலின் அச்சு அப்படியே தெரியும்: சுவாசத் துளைகள், வெறும் கண்ணுக்கு அகப்படாத முடிகள். ஒன்றுபோல இருக்கும் செடிகளை இனம் பிரிக்க இவைதான் அடையாளம். பதினோரு வருடமாக அக்காவின் ஸ்லைடுகளுக்குத் தனி மரியாதை. தூசி தும்பு இல்லாமல் பளிச்சென்று இருக்கும்.

அந்தப் பளிச்சுதான் வினையாயிற்று.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி சாலையோரச் செடி ஒன்றைப் புது இனம் என்று முடிவுகட்டினாள். காட்டில் வளரும் அதன் உறவுச் செடிக்கு இலையில் முடி உண்டு, இதற்கு இல்லை. கட்டுரை வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குப் போகிறது. திங்களன்று பெட்டியில் அடுக்கும்போது அக்கா ஒரு ஸ்லைடைச் சும்மா பார்த்தார். துளைகளுக்கு நடுவே சின்னச் சின்ன வட்டங்கள். முடி முறிந்த தடங்கள். அப்படியென்றால் இந்தச் செடிக்கும் முடி இருந்திருக்கிறது. லாரிப் புழுதி அப்பிய அந்த இலைகளை ஈரப் பஞ்சால் அழுத்தித் துடைத்தது அவர்தான்.

"விட்டுத்தள்ளு. செடி வந்து கேஸா போடப்போகுது?" என்றார் கணவர், அன்றிரவு விஷயத்தைக் கேட்டுவிட்டு.

"செடி போடாது. அந்தப் பொண்ணு மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?"

அடுத்த இரண்டு நாளும் அவள் "டீ குடிச்சீங்களாக்கா?" என்று கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு நழுவினார். வியாழன் காலை அதே செடியில் ஓர் இலை பறித்து, பாதியை மட்டும் துடைத்து, அச்செடுத்து, அவளுடைய நுண்ணோக்கியில் வைத்தார்.

"இந்தப் பக்கம் முடி இருக்கு, அந்தப் பக்கம் மொட்டையா இருக்கு. என்னக்கா செடி இது, ரெண்டுங்கெட்டானா?"

"உன் செடிதாம்மா. மொட்டை நான் போட்டது."

சிரிப்பு பாதியில் நின்றது. அக்காவின் கையிலிருந்த பஞ்சை அவள் பார்த்தாள். கணினியில் கட்டுரையைத் திறந்து, தலைப்பையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினாள்.

"வேற எதையெல்லாம் துடைச்சீங்கக்கா?"

சுவரோரம் மூன்று அலமாரி நிறைய ஸ்லைடுகள். அக்கா அவற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"தூசி இருந்த எல்லாத்தையும்மா."

அவள் எழுந்துபோய் முதல் அலமாரியைத் திறந்தாள்.

"வாங்க. வட்டம் தேடலாம்."

பஞ்சை எங்கே போடுவதென்று தெரியாமல், கையில் பிடித்தபடியே அக்கா பின்னால் போனார்.