லுனெத் வாங்கப் போன சனிக்கிழமை

"அம்மா, சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இவருக்கு ஒரு லுனெத் வாங்கவேணும்" என்று மகள் போனில் சொன்னாள். இவர் என்றால் அவளுடைய கணவன், பிரெஞ்சுக்காரன். லுனெத் என்றதும் நான் மூக்குக்கண்ணாடி என்றே நினைத்தேன். என் மனிசன் இளவயதில் யாழ்ப்பாணத்தில் கண்ணாடிக் கடையில் வேலை செய்தவர். அதுதான் அவரையும் கூப்பிடுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். இந்த வயதிலேயே மருமகனுக்குப் பார்வை குறைந்துவிட்டதே என்று நாங்கள் இருக்கும் புறநகரான ஆர்ஜொந்தெய்யிலிருந்து வரும் வழியெல்லாம் எனக்குக் கவலை.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய தெருவில் மகள் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கடையின் கண்ணாடிக்குள்ளே வரிசையாகத் துவக்குகள். நான் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னடி இது?"

அவள் சிரித்துக்கொண்டு விளக்கினாள். மருமகன் தன் ஊருக்குப் போகும்போது காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவானாம். துவக்கின் மேல் பூட்டுகிற தொலைநோக்கிக்கும் லுனெத் என்றுதான் பெயராம். அவனுடைய பிறந்தநாளுக்கு அதை வாங்கிக் கொடுக்கப் போகிறாளாம். என் மருமகன் வேட்டைக்காரன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவள் நான். என் பிள்ளை பாண் கடைக்குள் போவதுபோல அதற்குள் போனாள்.

கடைக்காரி மூன்று தொலைநோக்கிகளை மேசையில் வைத்தாள். மகள் இருப்பதிலேயே பெரியதைத் தொட்டாள்.

"இது இருபத்துநாலு மடங்கு பெருசாக் காட்டுமாம் அப்பா. இதுதானே நல்லது?"

"பன்றி எவ்வளவு தூரத்திலை வரும்?" என்று மனிசன் கேட்டார்.

"நாய்கள் கலைச்சுக்கொண்டு வரும். ஐம்பது மீற்றர் இருக்கும்."

"அப்ப இது வேண்டாம். இதுக்குள்ளாலை பாத்தால் மயிர்தான் தெரியும், பன்றி தெரியாது."

அவர் சிறியதைக் கையில் எடுத்தார். வாசலுக்குப் போய், கண்ணிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து, இரண்டு கண்ணையும் திறந்தபடி தெருவைப் பார்த்தார். மேலே இருந்த சின்னக் குமிழைத் திருகிக் காதோடு வைத்து டிக் டிக் என்ற சத்தத்தைக் கேட்டார். அடுத்ததையும் அப்படியே பார்த்தார்.

"இது ஓரத்திலை மங்குது. அந்தி வெளிச்சத்திலை உதவாது. முதல் பாத்ததை எடு. கண்ணிலை ஒட்டிப் பிடிக்க வேண்டாம் எண்டு அவரிட்டைச் சொல்லு. சுடேக்கை பின்னுக்கு உதைச்சுப் புருவத்தை வெட்டிப்போடும்."

"மிஸ்யு வேட்டைக்குப் போவீர்களா?" என்று கடைக்காரி மரியாதையாகக் கேட்டாள்.

"நோன்" என்று அவர் தலையாட்டி மறுத்தார்.

இருபத்தாறு வருசம் ஒரே வீட்டில் இருந்த மனிசன். அவர் கையில் ஒரு விளையாட்டுத் துவக்கைக்கூட நான் கண்டதில்லை.

மகள் பொதியோடு ரயிலுக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் இருந்தோம். பக்கத்து மேசையில் யாரும் இல்லை. நான் நேராகவே கேட்டேன்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

அவர் கோப்பையைத் தொடவில்லை. "கண்ணாடிக் கடையிலை நிக்கேக்கை இயக்கப் பெடியள் துவக்கிலை பூட்டுற இதுகளைக் கொண்டு வருவினம். உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சிருக்கும், இல்லாட்டில் குறி பாக்கிற குறுக்குக் கோடு விலகியிருக்கும். முதலாளியாலை மாட்டன் எண்டு சொல்ல ஏலாது. நான்தான் கழற்றித் துடைச்சுப் பூட்டிக் குடுக்கிறனான்."

"எத்தனை?"

"ஏழோ எட்டோ. ஒருக்கால் திருத்தினதைச் சரிபார்க்கக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாங்கள். ஒடுங்கின கடலுக்கு அங்காலைப் பக்கம் காவலுக்கு ஒரு ஆமிக்காரன் நிண்டவன். பாணைப் பிச்சுத் தின்றுகொண்டிருந்தான். மீசைகூட அரும்பேல்லை. கோடு நேரா நிக்குதோ எண்டு அவன்ரை நெஞ்சிலை வைச்சுத்தான் பாத்தனான். சரி எண்டு சொல்லிக் குடுத்திட்டு வந்திட்டன்."

"பிறகு?"

"அடுத்த நாள் அந்தக் காவலிலை ஒரு ஆமிக்காரன் சூடு பட்டுச் செத்ததாச் சொல்லிச்சினம். அவன்தானோ தெரியாது."

என் தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது. இந்த நகரத்தில் எத்தனையோ கண்ணாடிக் கடைகள் இருந்தும் அவர் மரக்கறிப் பெட்டி தூக்கப் போனதற்கு, தெரிந்த தொழிலைத் தேடச் சோம்பல் என்று நான் எத்தனை தடவை சண்டை பிடித்திருப்பேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் கலியாணத்துக்கு ஓம் எண்டிருப்பியோ?"

நான் எழுந்துபோய் அவருக்குச் சூடாக வேறொரு தேத்தண்ணி வாங்கி வந்து வைத்தேன்.

பிறந்தநாள் முடிந்த கிழமை மருமகன் போன் எடுத்தான். ஒரு குறையும் சொல்ல முடியாத தொலைநோக்கி என்றும், மாமா ஒருநாள் தன்னோடு காட்டுக்கு வரவேண்டும் என்றும் ஆசையாகக் கேட்டான். மனிசன் சிரித்துப் பேசி நன்றி சொன்னார். பிறகு முழங்கால் நோவு என்றார். அவருக்கு முழங்காலில் ஒரு நோவும் இல்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டேன்.