பை பார்க்கும் சித்தி

எங்கள் வீட்டுக் கூட்டம் எங்கே சுற்றக் கிளம்பினாலும் சித்திக்கு ஒரே வேலைதான்: பை பார்ப்பது. மலையேறப் போனால் அடிவாரத்தில் இருப்பாள். கடலில் குளிக்கப் போனால் மணலில் இருப்பாள். "சித்தி, செருப்பையும் பத்திரமா பாத்துக்கோங்க" என்று கழற்றிப் போட்டுவிட்டு நாங்கள் ஓடுவோம்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். அதே மேஜை, அதே இடம், காலையிலிருந்து நின்றபடி. நின்று நின்றே இரண்டு முழங்காலும் காலை வாரிவிட்டன. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி, சித்தப்பா, நான் மூவரும் ஆற்றங்கரைக்குப் போனோம். கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடும் இடம் அது. புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்கள் பாலம் வரை போய்த் திரும்பலாம். ஆறும் பரம சாது, இடுப்பளவுதான் தண்ணீர். வழக்கம்போல் பையை நீட்டினேன். சித்தி வாங்கவில்லை. கரையில் கிடந்த மஞ்சள் படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இதை உக்காந்துகிட்டேதான் ஓட்டணுமா?" என்று படகுக்காரரிடம் கேட்டாள்.

"ஆமாம்மா. காலை நீட்டி உக்காந்து துடுப்பு போட்டா போதும்."

"காலுக்கு வேலையே இல்லையா?"

"பெருசா இல்லம்மா."

சித்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லாட்டரி அடித்தவள் மாதிரி திரும்பினாள். சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்கெதுக்கு இந்த வீண் வேலை? நடக்கவே தடுமாறுற."

"நடக்கத்தானே தடுமாறுறேன்? ஆத்துல யாரு நடக்கப் போறா?"

நான் சமாதானத்துக்குப் போனேன். "ரெண்டு பேர் படகா எடுத்துக்கலாம் சித்தி. நான் ஓட்டறேன்."

"நீ ஓட்டுவ, நான் மூட்டை மாதிரி முன்னாடி உக்காந்திருப்பேன். அதுக்குக் கரையிலேயே இருந்துக்கறேன். தனிப் படகு குடுங்க தம்பி."

படகுக்காரர் அவள் முழங்காலைப் பார்த்தார். "எவ்வளவு மடங்கும்?"

"பாதி."

"பாதி போதும். ஆனா முதல்ல இங்க கரையோரமா நேரா ஓட்டிக் காட்டுங்க. சரியா வரலன்னா பாலத்துக்கு அனுப்ப மாட்டேன், கோவிச்சுக்கக் கூடாது."

இதில் தோற்றால் இனி ஆயுசுக்கும் பைதான். அது அவளுக்கும் தெரியும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, படகில் பக்கவாட்டாக உட்கார்ந்து, வலது காலைக் கையாலேயே தூக்கி உள்ளே வைத்தாள். அடுத்து இடது கால். படகுக்காரர் மெல்லத் தள்ளிவிட்டார்.

படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. மறுபடியும் சுற்றியது. "போதும், வந்துடு!" என்று சித்தப்பா கத்தினார்.

"கையால இழுக்காதீங்கம்மா! இடுப்பைத் திருப்பிப் போடுங்க!" என்றார் படகுக்காரர்.

சித்தி துடுப்பை நிறுத்தினாள். "அட, நான் கடையில புதுசா வர்றவங்களுக்குச் சொல்றதுதானே இது! கையால தேய்ச்சா சாயங்காலம் தோள் இருக்காதுன்னு!"

அடுத்த வீச்சில் படகு நேராகப் போனது. அடுத்ததில் வேகமெடுத்தது. படகுக்காரர் சிரித்துக்கொண்டே பாலத்தைக் கை காட்டினார். எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும்போல் இருந்தது.

என் படகை அவசர அவசரமாகத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். எட்டிப் பிடிக்க முடிந்தால்தானே! எத்தனையோ வருஷம் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிய தோள்கள். பாலத்துக்கு அடியில் போனதும் சித்தி ஒரு கூவல் போட்டாள் பாருங்கள், எதிரே வந்தவர்கள் துடுப்பு போடுவதையே மறந்துவிட்டார்கள். அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் தெறித்தது என்று சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் நான் மூச்சு வாங்கக் கரையேறினேன். சித்தி இறங்கவில்லை.

"இறங்கி மறுபடி ஏறறது பெரும்பாடு. இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சொல்லிடு" என்றவள், படகைத் திருப்பிக்கொண்டே கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க! என் செருப்பையும் பத்திரமா பாத்துக்கோங்க!"

சித்தப்பா மடியிலிருந்த பைகளோடு எழப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். அவளுடைய செருப்பைக் குனிந்து எடுத்து, பக்கத்தில் ஒழுங்காக வைத்துக்கொண்டார்.