வில்கோத்தின் சனிக்கிழமை ஓட்டைகள்

எங்கள் தெருவில் யாரும் யார் வீட்டுக்கும் சும்மா போவதில்லை. ஏணி வேண்டும், நாய் ஓடிவிட்டது, கடிதம் மாறி வந்துவிட்டது என்று ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் காப்பி உண்டு. காப்பி முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். நாற்பது வருடம் பள்ளியில் சமையல்காரியாக இருந்த எனக்கு இந்தப் பழக்கத்தில் குறை ஒன்றும் தெரிந்ததில்லை. போன வருடம் வரைக்கும்.

வில்கோத் எனக்கு மூன்றாவது வீடு. பொல்நெஸ் ஊர் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பன்னிரண்டு வருடம் முன்பு யெவ்லே நகரத்துக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். அவரிடம் மிஞ்சியது அறுபத்தைந்தாம் வருடத்துக் கார் ஒன்று. பனிக்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்பு எந்தக் காரைத் துருப்பிடிக்காமல் விட்டுவைத்தது? அதன் தரை சல்லடையாகிக்கொண்டிருந்தது. காசு அளவு ஓட்டை, பட்டாணி அளவு ஓட்டை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவர் என் கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னார். காருக்கு அடியில் படுத்து வெல்டிங் வைக்கிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. தீப்பொறி உள்ளே விழுந்து எங்கேயாவது பற்றிக்கொண்டால் கார் போய்விடும், அது நிற்கிற கொட்டகையும் போய்விடும். அதனால் உள்ளே ஒரு ஆள் ஈரத்துணியோடும் வாளித் தண்ணீரோடும் உட்கார வேண்டும். முன்பு மனைவி உட்காருவாள் என்பதை அவர் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டேன்.

போனேன். இருக்கைகளை எல்லாம் கழற்றி வைத்திருந்தார். நான் ஒரு முக்காலியில் குந்திக்கொண்டு, அவர் சொல்கிற ஓட்டையின் மேல் ஒரு செப்புக்கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். உருகுகிற இரும்பு செம்பில் ஒட்டாது. ஓட்டையை மட்டும் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். அடியிலிருந்து மெல்லத் தட்டிக் கேட்பார். ‘டக்’ என்றால் நல்ல தகடு, ‘பொத்’ என்றால் துரு. துருவைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்து, தகடு பளபளத்த பிறகுதான் தீயே வைப்பார். ஒரு சனிக்கிழமைக்கு மூன்று ஓட்டை. பிறகு ஃப்ளாஸ்க் காப்பி, ஏலக்காய் ரொட்டி. நான் பேசுவேன், அவர் கேட்பார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் கஞ்சத்தனத்தைப் பற்றி நான் சொன்னபோது ஒருமுறை சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே புதிதாக இருந்திருக்கும், உடனே நிறுத்திக்கொண்டார்.

மொத்தம் பதினோரு ஓட்டை என்றுதான் முதல் நாள் சொன்னார். மார்ச் வந்தும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் இன்னும் இரண்டு, இன்னும் மூன்று என்று வந்துகொண்டே இருந்தது. நானும் கணக்குக் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் சீக்கிரம் எழுந்துகொள்ள ஆரம்பித்திருந்தேன், அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் மாதக் கடைசியில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை. செப்புக்கட்டையை வைக்கக் குனிந்தபோது கவனித்தேன். ஓட்டையைச் சுற்றித் துரு என்று ஒரு பொட்டுக்கூட இல்லை, தேய்த்த தடமும் இல்லை. விளிம்பு என் பக்கமாக மடங்கிக் கிழிந்து, புதுசாக மின்னியது. பக்கத்தில் இருந்த இன்னொன்றும் அப்படியே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வில்கோத், இது துரு தின்ன ஓட்டை இல்லையே. ஸ்க்ரூடிரைவர் தின்ன ஓட்டை மாதிரியில்ல இருக்கு?”

அடியில் தட்டுகிற சத்தம் நின்றது. அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

“ஏன் மனுஷா, வாயில்லாக் காரைப் போய்க் குத்துவானேன்? ஆள் வேணும்னா கூப்பிட்டாப் போதாதா?”

நல்ல மனசோடுதான் சொன்னேன். ஆனால் அறுபத்தொன்பது வயதுக்காரர் ஒருவரை அம்மணமாக நிறுத்திவிட்டேன் என்பது அவர் குரல் வந்தபோதுதான் தெரிந்தது.

“கட்டையைப் பிடிங்க, சிக்னே. இதோட முடிஞ்சுது.”

அன்றைக்குக் காப்பியை நின்றபடியே குடித்தார். உதவிக்கு நன்றி என்று கைகொடுத்தார், ஏதோ அலுவலகத்தில் கொடுப்பது போல.

அடுத்த சனிக்கிழமை கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்த வாரமும். போகலாம் என்று ஏப்ரல் முழுக்க நினைத்தேன், போகக் காரணம்தான் கிடைக்கவில்லை. தனிமை என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அந்தச் சனிக்கிழமைகளைத்தான் சொல்வேன். மே மாதம் அலமாரியைக் குடைந்தபோது கட்டையைப் பிடிக்க அவர் கொடுத்திருந்த தோல் கையுறை அகப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கொட்டகை திறந்திருந்தது. உள்ளே கார் இல்லை. அவர் வெறும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“வித்துட்டேன். நார்வேக்காரர் ஒருத்தர் வந்து கொண்டுபோனார். தரை நல்லா இருக்கும்போதே குடுத்துடணும்.”

கையுறையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன், வாய் வரவில்லை. இத்தனை வருடம் ஓயாத வாய்.

அவர் துடைப்பத்தின் மேல் சாய்ந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“உங்க கார் எப்படி இருக்கு? அடியில தரை எல்லாம்?”

“அதுவா? போன வருஷம்தானே வாங்கினேன். ஒரு குறையும் இல்ல.”

“நல்லது,” என்றார். “அப்போ நல்லது.” மறுபடி கூட்ட ஆரம்பித்தார்.

அவர் கேட்டது காரைப் பற்றி இல்லை என்பது என் வீட்டுப் படியில் கால் வைத்த பிறகுதான் உறைத்தது. என் கார்த் தரையிலும் ஓட்டை என்று ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் போதுமாக இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். அவர் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு என் கையில் எதுவும் இல்லை. உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டேன்.